நவரைப் பயிரும் பங்குனிப் பறவைகளும்

சென்ற தை மாதக் கடைசியில் படூருக்குத் தெற்கே ஏரிக்கரையை அடுத்துக் கழனி வைத்திருக்கும் குடியானவர் ஒருவர் என்னிடம் வந்து, கொக்குகளைத் தொலைப்பதற்கு ஏதேனும் மருந்து உண்டா என்று வினவினார். அவருக்கு நவரை நடவு முடிந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் நாற்றுகள் பிடுங்கப்பட்டு நீரில் மிதக்கின்றன என்றும், பகலெல்லாம் கொக்குகள் கழனியிலேயே நிற்கின்றன என்றும், கால் காணிக்குக் குறையாமல் பாழாகிவிட்டதென்றும் சொன்னார். மிதந்த நாற்றுகளில் சிலவற்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. வேருக்கு மேலே, தண்டின் வெண்மையான இளம்பாகம் ஒவ்வொன்றிலும் கடித்துத் தின்னப்பட்டிருந்தது. கொக்கு பச்சிலையைத் தின்னும் பறவையன்று. மறுநாள் காலை வரையில் பொறுத்திருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு இருவரும் வரப்பின்மேல் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தோம். கிழக்கு வெளுக்கும் சமயத்தில் ஏரியிலுள்ள சம்புப் புதரிலிருந்து ஏழெட்டுப் பறவைகள் கரையேறி இறங்கின. கோழி அளவு, உடல் முழுவதும் நீலம், அலகும் நெற்றியும் சிவப்பு, கால்கள் நீண்டு சிவந்தவை. இவை நீலத் தாழைக்கோழிகள். ஒவ்வொன்றும் ஒரு நாற்றைப் பிடுங்கி, மனிதன் கையில் பிடிப்பதைப்போல ஒரு காலால் பற்றி உயர்த்தி, அடித்தண்டை மட்டும் கடித்துத் தின்று, எஞ்சியதை எறிந்துவிட்டு அடுத்த நாற்றுக்குப் போயிற்று. வெயில் ஏறியதும் அவை சம்புக்குள் மறைந்துவிட்டன. ஏழு மணிக்குமேல்தான் கொக்குகள் வந்தன. ஒரு மணிநேரம் பார்த்தோம். அவை கொத்தியவை பிள்ளைப்பூச்சிகள், வரப்போரத்துச் சிறு நண்டுகள், தவளைகள் சில. ஒரு நாற்றையும் அவை தொடவில்லை. குடியானவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "திருடினவன் விடியுமுன் போய்விட்டான், பொழுது விடிந்து வந்தவனையல்லவா கட்டிவைக்கப் பார்த்தேன்" என்றார்.

பிறகு செய்தது அதிகமில்லை. கரையோரத்துச் சம்பைச் சற்றுத் தூரத்துக்கு அறுத்து அப்புறப்படுத்தினோம். ஏரிப்பக்கத்து வரப்பில் கயிறு கட்டி, காற்றில் சலசலக்கும்படி ஓலைத் துண்டுகளைத் தொங்கவிட்டோம். விடியற்காலையில் இரண்டு வாரத்துக்கு ஓர் ஆள் காவல் இருந்தார். மீதியிருந்த நாற்றைக்கொண்டு இடைநடவு செய்தோம். தூர் கட்டியபின் தாழைக்கோழியால் அவ்வளவாகத் தொல்லையில்லை. கொக்குகளுக்கு மருந்து வைத்திருந்தால் நாற்று அழிவும் நின்றிராது, பிள்ளைப்பூச்சியும் நண்டும் பெருகியிருக்கும்.

பறவைகளை உற்றுப் பார்ப்பது பொழுதுபோக்கென்றும், துரைமார் வேலையென்றும் நம்மில் பலர் எண்ணுகிறார்கள். நான் இக்கட்டுரையை எழுதப் புகுந்தது அவ்வெண்ணம் தவறு என்பதைக் காட்டுவதற்கே. மாசி பங்குனி மாதங்களில் இதைத் தொடங்குவது எளிது. ஏனென்று கீழே சொல்கிறேன்.

போகிறவையும் கூடு கட்டுகிறவையும்

மேல்நாட்டார் வசந்தம் என்று கொண்டாடும் காலம் அவர்களுக்குப் பனி நீங்கித் தளிர் விடும் காலம். பறவைகள் அங்கே அப்போது வந்து சேர்கின்றன. நமக்கோ முறை மாறானது. நம்முடைய இளவேனில் சித்திரையில் தொடங்குகிறது. அதற்கு முன்னே, மாசிக் கடைசி முதல், வடக்கேயிருந்து வந்த பறவைகள் நம்மை விட்டுப் புறப்படுகின்றன. அதே வாரங்களில் ஊர்ப்பறவைகள் பல கூடு கட்டத் தொடங்குகின்றன. ஆகையால் ஒரே காலைப்பொழுதில் வழியனுப்புவதையும் வரவேற்பதையும் இங்கே பார்க்கலாம். இலை உதிர்ந்த மரங்களில் பறவைகள் மறைவின்றிக் கண்ணில் படுவதும், ஏரி குறைந்து எஞ்சிய நீரைச் சுற்றி அவை கூடுவதும் மற்றொரு வசதி.

போகிறவற்றுள் நம் கழனிகளுக்கு மிகவும் பழகியது வாலாட்டிக் குருவி. புரட்டாசி ஐப்பசியில் வந்து, வரப்பு ஓரங்களில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடி, சிறு ஈக்களையும் தத்துப்பூச்சிகளையும் பொறுக்கும். மஞ்சள் வாலாட்டி பங்குனியில் புறப்படும் முன் வயிறு முழுதும் பொன்னிறம் அடைவதைக் காணலாம். மின்சாரக் கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான், வேலமரத்து உச்சியில் தனியே அமரும் பழுப்புக் கீச்சான், மாந்தோப்பில் மஞ்சளாய்ப் பறக்கும் மாங்குயில் இவையும் சித்திரைக்குள் பெரும்பாலும் போய்விடும்.

படூருக்கு மிக அருகில் கேளம்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரையுள்ள உப்பங்கழியில் இம்மாதங்களில் காணும் காட்சி தனிப்பட்டது. பழைய உப்பளப் பாத்திகளிலும் சேற்றுத் திட்டுகளிலும் உள்ளான் வகைகள் நூற்றுக்கணக்கில் மேயும். தையில் சாம்பல் நிறமாயிருந்த வளைமூக்கு உள்ளான் பங்குனியில் செங்கல் நிறமாக மாறுகிறது. அது சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடப் போகும் பறவை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் காலில் வளையமிட்டு விட்ட உள்ளான்கள் ருஷிய நாட்டில் பிடிபட்டதுண்டு. உள்ளங்கையில் அடங்கும் கொசு உள்ளானும் அவ்வளவு தூரம் செல்கிறது. புறப்படுமுன் அது இரவுபகல் தின்று கொழுப்பேற்றிக்கொள்ள வேண்டும். அச்சமயத்தில் சேற்றுத் திட்டைக் கட்டிடக் கழிவு கொட்டித் தூர்த்துவிட்டால், அதற்கு மாற்றிடம் தேட அவகாசமில்லை. பழைய மகாபலிபுரம் சாலையோரத்து ஊர்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவு மாறிவிட்டன என்பதைப் படூரார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

கழனியில் காண்பவை

பறவைகளால் பயிருக்கு நன்மையா தீமையா என்பதை மனப்போக்கில் சொல்லாமல் சோதித்தே அறியவேண்டும் என்று நம் நாட்டில் முதன்முதல் முனைந்தவர்கள் விவசாய இலாகாவினரே. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் மேசன் என்பவர் பறவைகளின் இரைப்பையைத் திறந்து, உள்ளே கண்ட பூச்சி, விதை முதலியவற்றை எண்ணிப் பதிவு செய்தார். பூச்சி நூல் வல்லுநரான மாக்ஸ்வெல் லெப்ராய் அதனைச் சேர்த்து 1912-ஆம் ஆண்டில் "இந்தியப் பறவைகளின் உணவு" என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் பூச்சி நூல் அதிகாரியாயிருந்து பின்பு பூசாவுக்குச் சென்ற பிளெச்சர், இங்க்லிஸ் என்பவருடன் கூடி 1924-இல் தோட்டத்துப் பறவைகளைப்பற்றி நூல் எழுதினார். சலீம் அலியின் புகழ்பெற்ற நூல் 1941-இல்தான் வந்தது. ஆகவே இந்தத் துறையில் பயிர்த்தொழிலாருக்குள்ள உரிமை பழமையானது.

நவரைக் கழனியில் முதலில் கவனிக்கத்தக்கது இரட்டைவால் குருவி. கரிச்சான் என்றும் சொல்வர். மேய்கிற மாட்டின் முதுகிலோ, வரப்பிலுள்ள குச்சியிலோ உட்கார்ந்து, மாட்டின் கால்பட்டுக் கிளம்பும் வெட்டுக்கிளியையும், மாலையில் பறக்கும் குருத்துப்பூச்சியின் அந்துகளையும் பாய்ந்து பிடிக்கும். ஓர் அந்து ஒரு குவியலில் பல பத்து முட்டைகள் இடுமாகையால், முட்டையிடுமுன் பிடிபடும் ஒவ்வொரு பெண் அந்தும் பெரிய லாபம். பருந்தும் காக்கையும் தன் மரத்தை அண்டவொட்டாமல் துரத்தும் துணிவு இதற்குண்டு. அந்தப் பாதுகாப்பை நாடிப் புறாவும் வேறு சிறு பறவைகளும் அதே மரத்தில் கூடு வைக்கும்.

இதற்கு உட்கார இடம் வேண்டும். வரப்பு மரங்கள் நிழல் தருகின்றன என்று நாமே வெட்டிவிட்டோம். ஆகையால் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை, பயிருக்கு ஓரடி இரண்டடி உயரம் தெரியும்படி, மேலே குறுக்குச் சட்டம் வைத்த குச்சிகளை நட்டுவைப்பது நன்று. சவுக்கு மிலாறு போதும்; செலவில்லை. மணிலாக் கொட்டைப் பயிரில் புரோடீனியாப் புழு காணும்போதும் இதே முறை உதவும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும்: நெற்கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிடில் சிட்டும் சில்லையும் அதே குச்சியில் சாய்ந்துகொண்டு கதிரை உருவும். சென்ற ஆண்டு சிலர் இதை மறந்துவிட்டு என்னைக் குறை கூறினார்கள். குறையில் பாதி என்னுடையது. நட்டுவைக்கச் சொன்ன அழுத்தத்துடன் பிடுங்கச் சொல்லவில்லை.

மைனா உழவன் பின்னே வருவதை யாவரும் அறிவர். உழுசாலில் வெளிப்படும் வெட்டுப்புழுவும் கூட்டுப்புழுவும் அதற்கு உணவு. உண்ணிக்கொக்கு மாட்டோடு மாடாக நடந்து வெட்டுக்கிளி பிடிக்கும். பங்குனியில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் கொள்கின்றன. இது இனம் பெருக்கும் காலத்துக் கோலம், வேறொரு கொக்கு வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். மடையானும் அப்போது முதுகில் கருஞ்சிவப்பான போர்வை தரித்துக்கொள்ளும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். கழனி நத்தையை உடைக்காமலே சதையை உருவி எடுக்கும் கருவி அது.

இவையெல்லாம் முழுக்க முழுக்க நல்லவை என்று நான் சொல்லமாட்டேன். கொக்கு பூச்சியோடு தவளையையும் தின்கிறது. தவளையும் நமக்கு நண்பனே. பஞ்சுருட்டான் தும்பியையும் தேனீயையும் பிடிக்கிறது. தேன்பெட்டி வைத்திருப்பவர் அதை வெறுப்பதில் நியாயமுண்டு. செம்போத்து கம்பளிப்புழுவையும் நத்தையையும் தின்னும். பிற பறவைகளின் முட்டையையும் விடாது. கணக்கில் வரவு எது, செலவு எது என்று பார்த்துக் கழிக்கவேண்டுமேயன்றி, ஒரு பறவையைத் தெய்வமாக்குவதும் மற்றொன்றைப் பேயாக்குவதும் பயனற்றவை.

சோளப்பட்சி என்னும் சூறைக்குருவி இதற்குத் தக்க உதாரணம். உடல் வெளிர்சிவப்பும் தலை இறக்கைகள் கறுப்புமாய், நூற்றுக்கணக்கில் மேகம்போல் வந்திறங்கி, முற்றும் சோளத்தையும் கம்பையும் ஒருநாளில் உருவிவிடும். மாசியில் முள்முருங்கை பூத்தால் அதில் மொய்த்துத் தேன் குடிக்கும். சித்திரைக்குள் மத்திய ஆசியாவுக்குப் போய்விடும். அங்கே அதே பறவை வெட்டுக்கிளிகளை அழிக்கும் உபகாரி. சீனாவின் ஸின்ஜியாங் பிரதேசத்தில் மருந்து தெளிப்பதை விட்டு, இப்பறவை கூடு கட்டுவதற்கென்றே கற்குவியல்களும் கூட்டிடங்களும் அமைத்துக் கொடுக்கிறார்கள். அதே சீனாவில் 1958-இல் சிட்டுக்குருவி தானியம் தின்கிறதென்று நாடெங்கும் தாம்பாளம் தட்டித் துரத்திக் கொன்றார்கள். வெட்டுக்கிளியும் புழுவும் பெருகின. 1960-இல் சிட்டுக்குருவியின் பெயரைப் பகைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். சிட்டு தானியம் தின்பது உண்மை. தன் குஞ்சுகளுக்குப் புழு ஊட்டுவதும் உண்மை. தூக்கணாங்குருவியும் அவ்வாறே.

கதிர் தின்னும் பறவைகளுக்குப் பால்பிடிக்கும் சமயம் முதல் அறுப்பு வரையில் காவல்தான் சிறந்த பரிகாரம். காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஆறு, இவ்விரு வேளைகளே முக்கியம். பளபளக்கும் ரிப்பனைக் கொம்புகளில் முறுக்கிக் கட்டினால் ஓசையும் ஒளியும் சில நாட்களுக்குப் பயனளிக்கும்; பறவைகள் பழகிவிடுமாகையால் முன்கூட்டிக் கட்டி வீணாக்கலாகாது. மயிலின் தொல்லை பல ஊர்களில் மிகுந்துவருவது உண்மைதான். அது 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் உள்ளது. அதற்கு விஷம் வைப்பது கடுங்குற்றம். கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அச்சட்டத்தின்படி குற்றமே. பலர் அறியாமல் செய்கின்றனர்.

விஷத்தைப்பற்றிச் சொல்லும்போது என் பிழையொன்றையும் மறைக்க விரும்பவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், வேறொரு தாலுகாவில், குருத்துப்பூச்சிக்குக் கார்போபியூரான் குருணையைச் சிபாரிசு செய்தேன். நீரை வடித்து நிறுத்தும் முறையை விவரமாக எடுத்துச் சொல்லவில்லை; தூவியவர்கள் வரப்பிலும் மேட்டிலும் சிந்திவிட்டார்கள். மறுநாள் பயிரைப் பார்க்கப் போனபோது வரப்போரத்தில் மூன்று மைனாக்களும் பதினொரு வாலாட்டிகளும் செத்துக் கிடந்தன. அந்த மருந்தின் ஒரு குருணையே சிறு குருவியைக் கொல்லப் போதுமானது என்பதை நான் பிறகுதான் படித்தறிந்தேன். பறவைச் சாவு காரணமாகவே அமெரிக்காவில் அதன் குருணை வடிவம் 1990-களில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டதாம். இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த வாலாட்டிகள் அவை. எந்த மருந்தையும் சொல்லுமுன் அக்கழனியில் என்ன பறவை மேய்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று ஏற்பட்டது.

இரவுக் காவலர்

எலித்தொல்லைக்குக் கூகையைவிட நல்ல பரிகாரம் குறைவு. வெண்மையான இதய வடிவ முகமுள்ள இப்பறவை பழைய கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டிடங்களிலும் வசிக்கிறது. ஒரு கூகை ஓர் இரவில் ஒன்றிரண்டு எலிகளைத் தின்னும். குஞ்சுகள் உள்ள நாட்களில் இன்னும் அதிகம் பிடித்துச் செல்லும். எலும்பையும் மயிரையும் உருண்டையாக உமிழ்ந்துவிடும். அது தங்குமிடத்தின் கீழே கிடக்கும் உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடுகளை எண்ணலாம். பள்ளிச் சிறுவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மலேயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்கென்று மரப்பெட்டிகள் வைத்து எலியைக் குறைத்திருக்கிறார்கள். நம்மவர் அது அலறினால் சாவு என்று கல்லெறிகிறார்கள். கூகை அலறிய வீட்டில் சாவு நேர்ந்ததை நினைவில் வைப்பவர், அலறியும் ஒன்றும் நேராத வீடுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வீடுகளின் நெற்குதிரை அது காத்தது என்பதையும் அறிவதில்லை. கழனியில் இரவில் அது அமரச் சற்று உயரமான, குறுக்குக் கட்டையுள்ள கொம்புகளை நடலாம். எலி விஷம் வைத்த இடத்தில் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். அவற்றைத் தின்று கூகையும் மடியும்.

வேடந்தாங்கல்

நம் ஜில்லாவில் குடியானவரும் பறவையும் ஒப்பந்தம் செய்துகொண்ட ஊர் ஒன்று இருக்கிறது. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கர் அளவே. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பியதும், நீரினுள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் முதலியவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. எச்சம் நீரில் விழுகிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து கடற்பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றது இதன் பொருட்டே. வேடந்தாங்கலார்க்குக் கப்பல் வேண்டியதில்லை. மதகைத் திறந்தால் எருவும் நீரும் கூடியே கழனிக்கு வருகின்றன. தங்கள் கழனிக்கு மற்றவர்களைப்போல் எரு இடத் தேவையில்லை என்று அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினி சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள் என்றும், ஊரார் திரண்டுபோய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அப்போது செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டர் லயனல் பிளேஸ். பறவைகளுக்கு ஊறு செய்யலாகாதென்று ஊராருக்குக் கவுல் கொடுக்கப்பட்டது 1798-இல் என்பர். காட்டு இலாகாவும் சட்டமும் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது இது. 1936-இல் அது சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-இல் கரிக்கிலி, பள்ளிக்கரணை இவற்றோடு ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் சேர்ந்தது. தீபாவளியில் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. பங்குனியில் குஞ்சுகள் பறக்கப் பழகும்; நீர் வற்ற வற்ற கூட்டம் கலையும். பார்க்க விரும்புவோர் மார்கழி முதல் மாசி வரையில் மாலை நாலு மணிக்குப் போனால் இரை தேடிய பறவைகள் வரிசை வரிசையாய்த் திரும்புவதைக் காணலாம்.

நாம் கவனிக்கவேண்டியது, அப்பறவைகள் இரை தேடுவது அந்த 75 ஏக்கரில் அன்று என்பதே. சுற்றிலுமுள்ள ஏரிகளும் கழனிகளும் உப்பங்கழியும் அவற்றின் மேய்ச்சல் நிலம். நம் கழனியில் நிற்கும் நத்தைகுத்தி, வேடந்தாங்கலில் குஞ்சு வைத்திருக்கும் தாயாக இருக்கலாம்.

வீட்டிலும் பூங்காவிலும்

கழனி இல்லாதவர்களும் படூரில் இப்போது அனேகர். அடுக்கு மாடிகளில் குடியிருப்போர் தம் பால்கனியிலிருந்தும், மனைப்பிரிவுகளில் விடப்பட்ட சிறு பூங்காக்களிலிருந்தும் பார்க்கக்கூடியவை பல. மாசிக் கடைசியில் குயில் கூவத் தொடங்குகிறது. கூவுவது கறுத்த ஆண். பெண் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது, கத்தும் குரல் வேறு. காக்கை கூடு கட்டும்வரை காத்திருந்து அதில் முட்டையிடும். முருங்கைப் பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். வாசலில் தொங்கும் கம்பியிலோ கொடியிலோ குப்பை ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றினால் அகற்றுமுன் உற்றுப்பார்க்க வேண்டும், அது தேன்சிட்டின் கூடாயிருக்கும். தையல்சிட்டு அகன்ற இலையை நாரால் தைத்துக் கூடு அமைக்கும். கத்தரிச் செடியின் புழுக்களைப் பொறுக்குவதில் அதற்கு நிகர் இல்லை.

பங்குனி சித்திரையில் சில நாட்கள் மட்டும், விடியற்காலையிலும் அந்தியிலும் தோட்டத்து மூலையிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி கேட்டால், அது ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று பல நிறம் கொண்டது. சருகில் தத்தித் தத்திப் புழு தேடும். நம் பக்கத்திலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்து, வடக்கே மத்திய இந்தியாவுக்கும் இமயத்தின் அடிவாரத்துக்கும் செல்லும் வழியில் இங்கே இளைப்பாறுகிறது. சருகைக் கூட்டி எரித்துவிடும் தோட்டத்தில் இது தங்காது. பூங்காவின் ஒரு மூலையிலாவது சருகை விட்டுவைக்குமாறு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மண்ணுக்கும் அதனால் நன்மை.

வெயில் ஏறும் காலமாதலால் வாயகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, நடுவில் ஒரு கல்லும் போட்டு, தினமும் மாற்றிவரலாம். மாற்றாமல் விட்டால் கொசுப் பண்ணையாகிவிடும். சிட்டுக்குருவிக்குச் சுவரில் ஓட்டைவிட்ட பெட்டி வைக்கலாம்.

குறிப்பு எடுப்பது எப்படி என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த காரியம், இவற்றோடு குடியானவராயின் பயிரின் வயதையும் அன்று கண்ட பூச்சியையும் சேர்த்து எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அளவை மைனாவோடோ காக்கையோடோ ஒப்பிட்டு, அலகு, கால், வால் மூன்றையும் எழுதினால் பின்னர் கண்டுகொள்ளலாம். கைப்பேசியுள்ளவர்கள் கார்னெல் சர்வகலாசாலையார் 2002-இல் தொடங்கிய ஈபேர்டு என்னும் குறிப்பேட்டில் பதியலாம். நம் நாட்டில் 2013 முதல் பிப்ரவரியில் நான்கு நாட்கள் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பும், தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் ஒரு கணக்கெடுப்பும் நடந்துவருகின்றன. பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததையும் அவற்றில் ஏற்றுக்கொள்கிறார்கள், நிபுணராக இருக்கவேண்டியதில்லை. நகரத்துப் பிள்ளைகள் பங்கெடுக்கும் இவற்றில் குடியானவர்களின் கணக்கு மிகக் குறைவு. ஏரியை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அவர்களே.

கடைசியாக, நவரை அறுத்துச் சொர்ணவாரிக்கு உழவு ஓட்டப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரிசிலும் புழுதியிலும் ஆள்காட்டிக் குருவி இப்போது முட்டையிடுகிறது. கூடு என்று ஒன்றுமில்லை. சிறு குழியில் மண்ணிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி இருக்கும். தலைக்குமேல் கத்திக்கொண்டு பறவை சுற்றினால் டிராக்டரை நிறுத்தி, எந்த இடத்தை நெருங்கும்போது அதன் கத்தல் மிகுகிறது என்று பார்க்கவும். அவ்விடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, பாய் அளவு நிலத்தை உழாமல் விட்டுச் செல்லலாம். ஏறத்தாழ நான்கு வாரத்தில் குஞ்சு பொரித்து அன்றே நடந்துபோய்விடும். பிறகு அதையும் உழுதுகொள்ளலாம்.